விமானிக்கு வைக்கும் பரீட்சை

செலுத்துவோன் இன்றித் தானே செல்லும் வானவூர்தியொன்றைப் பற்றிப் புறநானூறு பேசுகின்றது. நல்வினை ஆற்றினோர் அடையும் ஊர்தி அது. நாம் இக்கட்டுரையிற் கூறப் புகுவதோ செலுத்துவோன் இன்றிச் செல்லாத ஊர்தியைப் பற்றியதாகும். அதனைச் செலுத்த விரும்புவோன் எவ்வாறு ஆராயப்படுகின்றான், எவ்வாறு தேறுகின்றான் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். பழஞ்செய்யுட்கள் தேர் செலுத்துவோனை 'வலவன்' எனும். இக்காலத்தார் வானூர்தி செலுத்துவோனை 'விமானி' என்பர்.

ஆண்டுதோறும் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் நம்மனோர்க்கு இதனால் ஆவது யாதோவெனின், கூறுவோம். நாம் எழுதும் பரீட்சைகள் நாம் எவ்வளவு அறிவோம் என்று கேட்கின்றன. விமானியின் பரீட்சையும் அதனைக் கேட்கின்றது. ஆனால், எதனைச் செய்யலாகாது, எப்பொழுது செய்யலாகாது என்று தானே துணியும் ஆற்றல் உனக்கு உண்டோ என்றும் அது கேட்கின்றது. இவ்விரண்டாம் வினாவே அப்பரீட்சையின் உயிர்நிலை.

விதிகள் நாட்டுக்கு நாடு சிறிது வேறுபடும். அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசாங்கம் தன் பரீட்சையின் அளவுகள் அனைத்தையும் யாவரும் காண வெளியிட்டிருத்தலின், அந்நாட்டு முறையையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஊதியம் பெறாமல் விமானஞ் செலுத்தும் உரிமை பெற்றவனைத் 'தனி விமானி' என்று குறிப்போம்.

பரீட்சை தோன்றிய வரலாறு

ரைட் சகோதரர்கள் 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் எந்திர ஊர்தியில் வானத்திற் பறந்தபொழுது, அவர்களைப் பரீட்சிக்கத் தக்கார் உலகில் ஒருவரும் இலர். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் விமான சங்கங்கள் சான்றிதழ் வழங்கத் தலைப்பட்டன. அக்காலத்துப் பரீட்சகர் தரையில் நின்று அண்ணாந்து நோக்கினார். குறித்த எல்லையைச் சுற்றி வருதலும், எந்திரத்தை நிறுத்திக் குறித்த இடத்திற்கு அணித்தாக இறங்குதலுமே அவர் கண்டவை. பறப்போன் உள்ளத்தில் நிகழ்வன அவர்க்குப் புலனாகா.

கற்பிக்கும் முறையைத் திருத்தியவர் இராபர்ட் ஸ்மித்-பாரி என்னும் ஆங்கிலேயர். அவர் 1917-இல் காஸ்போர்ட் என்னும் ஊரில் நடத்திய பள்ளியில், ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே ஊர்தியில் அமர்ந்து ஒரு குழாய் வழியே பேசிக்கொள்வர். ஆபத்தான நிலைகளை அஞ்சி ஒதுக்கும் பழைய வழக்கத்தை அவர் மாற்றினார். ஊர்தி சுழன்று வீழும் நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, அதினின்றும் மீளும் வகையை மாணாக்கர்க்குக் காட்டினார். 'இன்னது ஆபத்து, விலகு' என்பதினும் 'இன்னது ஆபத்து, இவ்வாறு மீள்க' என்பது சிறந்த போதனையன்றோ? இன்றைய பரீட்சை இவ்வடிப்படைமேல் நிற்கின்றது.

அமெரிக்காவில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விமானிகளுக்கு அரசாங்க உரிமம் ஏற்பட்டது. முதல் உரிமத்தைப் பெறுமாறு ஆர்வில் ரைட்டை வேண்டினர். தாம் இப்பொழுது விமானஞ் செலுத்துவதில்லை என்று கூறி அப்பெரியார் மறுத்துவிட்டார். அதன்பின், அத்துறையின் தலைவராகிய வில்லியம் மக்கிராக்கன் 1927 ஏப்ரல் 6-ஆம் நாள் முதல் உரிமம் பெற்றார். விமானத்தைப் படைத்தவரே, பழக்கம் விட்டமையால் உரிமம் வேண்டாவென்றது நினைக்கத்தக்கது. நம் நாட்டில் வழங்கப்பட்ட முதல் உரிமத்தை 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா பெற்றார். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார்.

ஆயத்தம்

16 வயது நிரம்பினோர் தனியே பறந்து பழகலாம். 17 வயது நிரம்பினோர் உரிமம் பெறலாம். ஆகவே நம் வகுப்பிலுள்ளோர் அனைவரும் வயதினால் தகுதியுடையோரே. மருத்துவச் சான்றும், ஆங்கிலத்தைப் படிக்கவும் பேசவும் எழுதவும் உணரவும் வல்ல திறமும் வேண்டும். பறந்த காலம் 40 மணிக்குக் குறைதல் கூடாது. அவற்றுள் 20 மணி ஆசிரியருடனும் 10 மணி தனித்தும் பறத்தல் வேண்டும். இரவிற் பறத்தல் 3 மணி. கருவிகளை மட்டும் நோக்கிப் பறத்தல் 3 மணி. தனியாகச் செய்யும் நெடும்பயணம் ஒன்று 150 கடல் மைலுக்குக் குறையாது மூன்று இடங்களில் இறங்கி ஏறுவதாக இருத்தல் வேண்டும். இவை குறைந்த அளவுகளே. பெரும்பாலோர்க்கு இவற்றினும் மிகுதியான மணிகள் வேண்டியிருக்கும்.

எழுத்துப் பரீட்சை ஒன்றும் உண்டு. வினாக்கள் 60; நூற்றுக்கு 70 பெற்றவர் தேறுவர். நம் பரீட்சையில் 70 பெற்றோன் எஞ்சிய 30-ஐப் பற்றிக் கவலுவதில்லை. விமானி மாணாக்கனோ அதனை மறக்க முடியாது. அவன் எப்பகுதிகளிற் பிழைத்தான் என்பது சான்றிலேயே குறிக்கப்படும். அப்பகுதிகளைத் திரும்பக் கற்பித்தமைக்கு ஆசிரியர் கையொப்பமிடல் வேண்டும். பின்னர் வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் அவற்றையே வினவுவார். அறியாத பகுதி அறியாததாகவே இருந்துவிட அம்முறை இடங்கொடாது.

கருவிகளை நோக்கிப் பறக்கும் அம்மூன்று மணியின் காரணத்தைச் சிறிது விரித்துரைப்போம். மேகத்துட் புகுந்தவனுக்குத் தொடுவானம் மறையும். உட்செவியிலுள்ள சமநிலைப் புலன் மெல்லிய திரும்புதலை உணராது. ஊர்தி சாய்ந்து செல்லும்போதும் நேரே செல்வதாக உடல் பொய் கூறும். 1954-இல் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில், இப்பயிற்சி இல்லாத 20 பேரைக்கொண்டு இதனைச் சோதித்தனர். வெளித்தோற்றம் மறைக்கப்பட்டபின் இருபதின்மரும் ஊர்தியைக் கட்டிலிருந்து இழந்தனர். அதற்குச் சராசரியாகச் சென்ற காலம் 178 விநாடி. மூன்று நிமிடம் நிரம்பவில்லை. ஆதலின், தன் மெய்யுணர்வை நம்பாது கருவியை நம்பவும், புகுந்த வழியே திரும்பி வெளிப்படவும் மாணாக்கனைப் பழக்குகின்றனர். இப்பழக்கம் மேகத்துட் புகுவதற்கு அனுமதியன்று. தவறிப் புகுந்தோன் உயிரோடு மீள்வதற்கு உபாயம்.

நினைவை நம்பாமையும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. 1935 அக்டோபர் 30-ஆம் நாள் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில், போயிங் கம்பெனியாரின் 299 என்னும் புதிய பெருவிமானம் ஒன்று கிளம்பியவுடன் வீழ்ந்து எரிந்தது. எந்திரத்திற் குறையில்லை. நிலத்தில் நிற்கும்போது வால்பகுதிச் சுக்கான்கள் காற்றில் அசையாவண்ணம் இடப்பட்ட பூட்டினை எடுக்க மறந்தனர். தேர்ந்த விமானிகளாகிய ஹில், டவர் என்னும் இருவர் இறந்தனர். இதன்பின் செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் அட்டவணை வழக்கிற்கு வந்தது. பரீட்சையில் இதனை மனப்பாடமாக ஒப்புவிப்பவன் புகழ்பெறான். கையிலெடுத்துப் படிப்பவனே தேறுவான். மனப்பாடத்தைப் போற்றும் நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் காரணம் தெளிவு: அவசரத்தில் முதற்கண் கைவிடுவது நினைவே.

வாய்மொழி வினா

பரீட்சை நாளன்று முதலில் நிலத்தில் அமர்ந்து வினாவிடை நிகழும். பரீட்சகர் முன்னரே ஓர் ஊரைக் குறித்து, 'நாம் இருவரும் அங்குச் செல்லவேண்டும். ஏற்பாடு செய்க' என்று கூறியிருப்பார். மாணாக்கன் படமும் வானிலைக் குறிப்பும் கணக்கும் கொண்டுவருவான். ஊர்தியின் பதிவுச் சான்று, பறக்கத் தக்கதென்னும் சான்று, 12 மாதத்திற்கொருமுறை நிகழும் சோதனையின் குறிப்பு ஆகியவற்றை அவனே எடுத்துக்காட்டல் வேண்டும்.

எடைக் கணக்கை மட்டும் உதாரணமாக நோக்குவோம். உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட விமானம் செஸ்னா 172. அதன் பிற்கால வகையொன்றில் ஏற்றத்தக்க மொத்த எடை 2550 இராத்தல். வெறும் ஊர்தியின் எடை ஏறக்குறைய 1700 இராத்தல் எனக் கொள்வோம். எரியெண்ணெய் நிரப்பின் 318 இராத்தல். எஞ்சுவது 532. இருக்கைகள் நான்கு. நால்வர் ஏறின் ஒருவர்க்கு 133 இராத்தலே, அஃதாவது சுமார் 60 கிலோ. பெட்டிக்கு இடமே இல்லை. நான்கு இருக்கை உண்டென்பதால் நால்வர் ஏறலாமென்பது பொருந்தாது. எண்ணெயைக் குறைப்பதோ, ஆளைக் குறைப்பதோ, இரண்டிலொன்றை விமானி துணிதல் வேண்டும். எண்ணெயைக் குறைத்தாலும், பகலிற் சேருமிடம் அடைந்தபின் 30 நிமிடத்திற்கும் இரவில் 45 நிமிடத்திற்கும் போதிய எண்ணெய் மிச்சமிருக்க ஏற்பாடு செய்வது சட்டம். 'இன்னும் ஒருவர்தானே' என்று வேண்டும் நண்பனுக்கு 'இயலாது' என்று விடையளிக்கும் உறுதியையே அக்கணக்கின் வாயிலாகப் பரீட்சகர் தேடுகின்றார்.

2016 முதல் வழங்கும் பரீட்சைத் திட்டம் ஒவ்வொரு செயலையும் மூன்றாகப் பகுக்கின்றது: அறிவு, ஆபத்தை முன்னுணர்ந்து காத்தல், கைத்திறன். அறிவுக்கும் கைத்திறனுக்கும் நடுவே ஆபத்துணர்வை நிறுத்தியது பெரிதும் கருதத்தக்கது. தன்னைத்தான் சோதித்தலும் இதில் அடங்கும். நோயுண்டோ, மருந்துண்டோ, மனக்கவலையுண்டோ, மதுவுண்டோ, களைப்புண்டோ, உணர்ச்சி வேகமுண்டோ என்று புறப்படுமுன் விமானி தன்னையே வினவிக்கொள்வான்.

மேலும், விமானியைக் கெடுக்கும் மனப்பான்மைகள் ஐந்தென வகுத்துள்ளனர். அவை: விதியை வெறுத்தல், பதறிச் செய்தல், எனக்கு ஒன்றும் நேராதென எண்ணல், வீரங்காட்டல், என்னால் ஆவது யாதெனச் சோர்தல் என்பன. ஒவ்வொன்றிற்கும் மாற்றுமருந்தாக ஒரு சிறு வாக்கியத்தையும் கற்பிக்கின்றனர். நேராதென எண்ணுவோன் 'எனக்கும் நேரக்கூடும்' என்றும், சோர்வோன் 'என்னாலும் ஆவதுண்டு' என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளல் வேண்டும். இவ்வைந்தும் விமானிக்கே உரியனவோ? படிப்பறையிலும் இவற்றைக் காணலாம்.

வானிற் பரீட்சை

வாய்மொழியில் தேறியவனே ஊர்தியில் ஏறுவான். இங்கு ஒரு வியப்பு உண்டு. பரீட்சகர் பல்லாயிரம் மணி பறந்தவராயிருக்கலாம். மாணாக்கனோ நாற்பது, ஐம்பது மணி பறந்தவன். ஆயினும் முன்னரே வேறு ஏற்பாடு செய்துகொண்டாலன்றி, அப்பயணத்தின் தலைவன் பரீட்சகரல்லர், மாணாக்கனே. சட்டம் இதனை வெளிப்படையாகக் கூறுகின்றது. செல்வதும், செல்லாதிருப்பதும், திரும்புவதும் அவன் பொறுப்பு. அவன் தன் பரீட்சகர்க்கு இருக்கைக் கச்சையை அணியும் வகையைக் கூறுவான். அவசரத்தில் கதவைத் திறக்கும் வழியையும் விளக்குவான். தலைமையை ஏற்கத் தகுதியுடையனோ என்பதை அறிய, தலைமையைக் கொடுத்தே பார்க்கின்றனர்.

கைப்பிடியை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது மும்முறை சொல்லுதல் வழக்கம். 'உம்மிடம்' என்பார் கொடுப்பவர். 'என்னிடம்' என்பார் வாங்குபவர். 'உம்மிடம்' என மீண்டும் உறுதிசெய்வார் கொடுத்தவர். ஒருவரும் பிடிக்காத ஊர்தியும் இருவரும் இழுக்கும் ஊர்தியும் கேடுறும் ஆதலின் இம்முறை.

பின்னர்ச் செயல்கள் தொடங்கும். 45 பாகை சாய்த்து ஒரு முழுவட்டம் திரும்புதல் ஒன்று. அதில் உயரம் 100 அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. வேகம் மணிக்கு 10 கடல் மைலுக்கு மேல் மாறலாகாது. முடிவில் தொடங்கிய திசையினின்று 10 பாகைக்குள் நிற்றல் வேண்டும். சாயும்போது இறக்கையின் தூக்குவிசையில் ஒரு கூறு பக்கவாட்டிற் செலவாதலின் ஊர்தி தாழ முற்படும். மூக்கைச் சிறிது உயர்த்திப் பிடித்தால் வேகம் குறையும். ஒன்றைத் திருத்த மற்றொன்று மாறும். எனவே பார்வை ஒரு கருவியிலே நிலைபெறாது வெளியும் உள்ளும் சென்று வருதல் வேண்டும்.

'ஸ்டால்' என்னும் நிலையும் சோதிக்கப்படும். எதிர்க்காற்றுக்கு இறக்கை நிற்கும் கோணம் ஓர் எல்லையைக் கடப்பின், காற்று இறக்கையின் மேற்பரப்பைத் தழுவாது பிரிந்துவிடும். ஊர்தி தூக்கும் வலியிழந்து தாழும். தாழ்வோன் உயர விரும்பிக் கைப்பிடியைத் தன்பால் இழுப்பது இயல்பு. அதுவே அழிவுக்கு வழி; இழுக்க இழுக்கக் கோணம் மிகும். முன்னே தள்ளிக் கோணத்தைக் குறைத்தலே மீட்சி. வீழும்போது மேலும் தாழ்த்துக என்னும் இப்பாடத்தை அறிவு உடனே ஏற்கும்; கை ஏற்பதற்குப் பல நாட் பயிற்சி வேண்டும்.

திடீரெனப் பரீட்சகர் எந்திரத்தின் விசையைக் குறைத்து, 'எந்திரம் நின்றதெனக் கொள்க' என்பார். செஸ்னா 172 போன்ற ஊர்தி 1000 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் மிதந்து செல்லும். முதலில் மிதத்தற்குரிய வேகம்; பின்னர் இறங்கத் தக்க வயல்; அதன்பின்னரே காரணத்தை ஆராய்தலும் வானொலியில் உதவி கேட்டலும். முதற் கடமை ஊர்தியைச் செலுத்துதல் என்பதை மறந்தவன், வேறெதனைச் செய்தும் பயனில்லை.

இறுதியில் ஓடுதளத்திற் பலவகையாக இறங்கிக் காட்டுவான். சிறிய தளத்தில் இறங்குவதாகக் கருதும் முறையில், குறித்த இடத்திற்கு அப்பால் 200 அடிக்குள் சக்கரம் படிதல் வேண்டும். அவ்விடத்திற்கு முன்னர்ப் படிதல் கூடாது. அணுகும்போதே அமைதியில்லையென்று கண்டால், இறங்காது விசையைக் கூட்டி மீண்டும் மேலெழல் வேண்டும். இங்ஙனம் தக்க காலத்தில் மீண்டெழுவது தோல்வியன்று. நல்ல தீர்ப்புக்கு அறிகுறியே. தவறிய அணுகுதலைப் பிடிவாதமாக முடிக்க முயல்வதே குற்றம்.

மூவகை முடிவு

நம் பரீட்சைக்கு முடிவு இரண்டு. விமானியின் பரீட்சைக்கோ மூன்று. எல்லாப் பகுதியிலும் தேறியவன் 120 நாள் செல்லும் தற்காலிக உரிமத்தை அன்றே பெறுவான். ஒரு பகுதியிற் பிழைத்தவனும் தேறாதவனே; மற்றவற்றில் மிக்க திறங்காட்டியது அதற்கு ஈடாகாது. எடைக் கணக்கில் நூற்றுக்கு நூறு பெற்றவன் இறங்கத் தெரியாதவனாயின் அவனோடு ஏறுவோர் யார்? ஆயினும் அவன் பிழைத்த பகுதியில் மீண்டும் பயிற்சி பெற்று, ஆசிரியர் கையொப்பத்துடன் திரும்பி வரலாம். 60 நாளுக்குள் வந்தால், முன் தேறிய பகுதிகளுக்கு உரிய மதிப்பும் உண்டு.

மூன்றாவது, நிறுத்தச் சீட்டு. காற்று வலுத்தது, மேகம் தாழ்ந்தது, எந்திரத்தில் ஐயம் எழுந்தது, உடல் நலமில்லை. இத்தகைய காரணங்களால் பரீட்சை இடையில் நின்றால், அது தோல்வியாகக் கருதப்படாது. தேறியவை தேறியவையாகவே நிற்க, எஞ்சியவற்றை வேறொரு நாள் தொடரலாம்.

இம்மூன்றாம் முடிவே இப்பரீட்சையின் சிறப்பை நமக்கு உணர்த்துகின்றது. மாணாக்கன் பல மாதம் காத்திருந்து இந்நாளைப் பெற்றிருப்பான், பணம் கட்டியிருப்பான், வீட்டாரும் நண்பரும் செய்தியை எதிர்நோக்கியிருப்பர். பரீட்சகர் எதிரே அமர்ந்திருக்கின்றார். அந்நிலையில் வானத்தை நோக்கி, 'ஐயா, இன்று செல்லுதல் தகாது' என்று கூறுவது எளிதன்று. கூறியவனோ, பரீட்சகர் காணவேண்டியதில் முதன்மையானதை நிலத்தை விட்டு எழாமலே காட்டிவிட்டான்.

தேறிய பின்

உரிமம் பெற்றவன் கற்று முடித்தவன் அல்லன். 24 மாதத்திற்கொருமுறை ஆசிரியருடன் பறந்து தன் திறத்தை மீளக் காட்டல் வேண்டும். கடந்த 90 நாளில் மும்முறை ஏறி இறங்காதவன் பிறரை ஏற்றிச் செல்லலாகாது. இவை சட்டம். சட்டத்துக்கு அப்பாலும் ஓர் எல்லை உண்டு. அதனை அவனவன் தனக்குத்தானே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

1999 ஜூலை 16-ஆம் நாள் இரவு, ஐக்கிய நாட்டு முன்னாள் தலைவர் கென்னடியின் புதல்வராகிய இளைய ஜான் கென்னடி, தம் மனைவியையும் அவர் தமக்கையையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்டு என்னும் தீவு நோக்கிச் சென்றார். அவர் தனி விமானி உரிமம் பெற்றவர். கருவி கொண்டு மேகத்திற் பறக்கும் உரிமம் பெறாதவர். கடலின்மேல் நிலவிய மங்கலிலும் இருளிலும் தொடுவானம் புலப்படவில்லை. நிலையுணர்வு மயங்கி ஊர்தி கடலில் வீழ, மூவரும் மாண்டனர். சட்டப்படி அவர் புறப்படத் தடையில்லை. இல்லினாய்ஸ் சோதனை நிகழ்ந்து 45 ஆண்டு சென்றபின்னும், உடல் கூறும் பொய் மாறவில்லை. பரீட்சையில் ஒரு நாள் பரீட்சகர் கேட்ட 'இன்று செல்லலாமோ?' என்னும் வினாவை, பிந்திய ஒவ்வொரு நாளும் விமானி தானே கேட்டுத் தானே விடையிறுத்தல் வேண்டும் என்பதற்கு இத்துயரச் செய்தியே சான்று.

மாணவ நண்பர்களே, நம்மிற் பெரும்பாலோர் விமானஞ் செலுத்தப் போவதில்லை. ஆயினும் நம்மில் ஒருவர் மருத்துவராவர், ஒருவர் நீதிபதியாவர், ஒருவர் ஆசிரியராவர், எல்லோரும் ஒரு குடும்பத்தின் பாரத்தையேனும் ஏற்பர். நம்மை நம்பி ஏறினோர் அங்கும் உளர். நாம் கற்றவற்றைப் பட்டச் சான்று கூறும். நம் எல்லை யாதென்பதை அது கூறாது. அறியாத பகுதியை மறையாது திரும்பக் கற்றலும், நினைவை நம்பாது சரிபார்த்தலும், தகாதபோது 'தகாது' என்று உரைத்தலும் ஆகிய மூன்றையும் இங்குள்ளபோதே பழகிக்கொள்வோமாக. பின்னர் நமக்குப் பரீட்சகர் பக்கத்தில் இரார்.